தோல்வி நோட்டில் நாற்பத்தோராம் பக்கம்

கவிப்ரியா தோற்ற ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு முடிந்தது. ஆனால் அவளுக்கு மட்டும் அது முடியவே இல்லை.

பள்ளிகளுக்கு இடையிலான சதுரங்கப் போட்டி. ஒவ்வோர் அணியிலும் நான்கு பேர். கவிப்ரியா படிக்கும் டெல்லித் தமிழ்ப் பள்ளி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அந்த ஒரு புள்ளி யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மற்ற மூன்று பேரும் முடித்துவிட்டு அவளுடைய பலகையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் எதிராளியிடம் கையை நீட்டினாள். சதுரங்கத்தில் பாதி ஆட்டத்தில் கை நீட்டினால், ‘நான் தோற்றேன்’ என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

திரும்பி வரும்போது பள்ளி வேனில் யாரும் அவளைத் திட்டவில்லை. அணித் தலைவன் அர்விந்த் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியில் படிந்த பனியை விரலால் துடைத்துக்கொண்டே வந்தான். அவன் எட்டாம் வகுப்பு. அப்பா விமானப்படையில் இருக்கிறார். மார்ச் மாதம் அவருக்கு அசாம் பக்கம் மாற்றல். அடுத்த சுற்றுக்குப் போயிருந்தால் அது அர்விந்துக்கு டெல்லியில் கடைசிப் போட்டியாக இருந்திருக்கும். இப்போது கடைசிப் போட்டி முடிந்துவிட்டது.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கவிப்ரியா நினைத்தாள்.

அவர்களுடைய சதுரங்கக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நூலக அறையின் மூலை அலமாரியில் நீல அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்று இருக்கும். பெயர், தோல்வி நோட்டு. யாராவது தோற்றால், ஒரு வாரத்துக்குள் அந்த ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து கடைசி நகர்த்தல் வரை அதில் எழுத வேண்டும். பக்கத்தின் அடியில் ‘எங்கே விட்டேன்?’ என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கும் பதில் எழுத வேண்டும். ஜெயிக்க இருந்த வாய்ப்பைத் தானே தேடிக் கண்டுபிடித்து எழுத வேண்டும். செல்பேசியில் இருக்கும் சதுரங்கச் செயலியைக் கேட்கக் கூடாது.

எப்போதோ படித்துவிட்டுப் போன பிள்ளைகள் ஆரம்பித்த நோட்டு அது. முதல் பக்கத்தில் அவர்களில் யாரோ கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘தோற்றவர் எழுதவும். ஜெயித்தவர் சமோசா வாங்கவும். பக்கத்தைக் கிழிப்பவர் கையில் எறும்பு கடிக்கும்.’

எறும்புக்குப் பயந்தோ என்னவோ, இதுவரை யாரும் ஒரு பக்கத்தையும் கிழித்ததில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கவிப்ரியா தேட ஆரம்பித்தாள். ஆர்.கே.புரத்தில் அவர்கள் இருப்பது அரசாங்கக் குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடி. ஜனவரிக் குளிர். ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையை மடித்து, அதன் மேல் பலகையை வைத்து, போட்டியில் எழுதிய தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு காயாக நகர்த்தினாள். ஒரு வாய்ப்பாவது கிடைத்தால் போதும் என்றுதான் தொடங்கினாள்.

பதினேழாவது நகர்த்தலிலேயே கிடைத்தது. எதிராளியின் குதிரை காவல் இல்லாமல் நின்றிருந்தது. சும்மா எடுத்திருக்கலாம். அவள் பார்க்கவில்லை. சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை இன்னொன்று கிடைத்தது. இருபத்தைந்தாவது நகர்த்தலில் யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தால் எதிராளியின் மந்திரி மாட்டியிருக்கும். இரண்டாவது வட்டம்.

கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அவள் பென்சிலைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். கெட்டிக்கார எதிராளியிடம் தோற்றோம் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை போலிருக்கிறது. ஓட்டைப் பையில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தவள் மாதிரி, வழியெல்லாம் அவளே கொட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அம்மா ஜெயலட்சுமி தட்டோடு வந்து நின்றார். “ஏன் கண்ணு, ரெண்டு நாளா அந்தப் பலகையவே மொறச்சுப் பாத்துட்டிருக்கற? அது எந்திரிச்சு உங்கூடப் பேசப்போகுதா? ஒரு வாய் சாப்புட்டுட்டுப் பாரு.”

ஹீட்டருக்கு முன்னால் குளிர்காய்ந்துகொண்டிருந்த அப்பா செல்வராஜ், தன் அலுவலக அனுபவத்தைச் சொன்னார். “எங்க செக்‌ஷன்ல ஒரு ஃபைல மூடிட்டா மறுபடி தொறக்க மாட்டோம் கண்ணு. நீயும் மூடி வெச்சுரு.”

“அப்படி யாரோ மூடுன ஃபைல்லதான் நம்ம குழாய் ஆறு மாசமா ஒழுகிட்டிருக்குது” என்றார் அம்மா.

வேறு நாளாக இருந்தால் கவிப்ரியா சிரித்திருப்பாள்.

வியாழக்கிழமை அவள் கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். முப்பத்து நான்காவது நகர்த்தல். அவள் கை நீட்டிய இடம்.

காய்களை அப்படியே வைத்துப் பார்த்தாள். எதிராளியின் கறுப்பு ராணி எச்6 கட்டத்தில் நிற்கிறது. அடுத்த நகர்த்தலில் எச்2-க்கு இறங்கினால் கவிப்ரியாவின் ராஜா செத்தார். தடுக்க வழியே இல்லை. கவிப்ரியாவிடம் இருந்த ஒரே நல்ல விஷயம், ஒரு வெள்ளைச் சிப்பாய். கடைசி வரிசைக்கு ஒரே ஓர் அடிதான் பாக்கி. கடைசி வரிசைக்குப் போன சிப்பாயை எடுத்துவிட்டு அதற்குப் பதில் ராணியை வைத்துக்கொள்ளலாம். போட்டியிலும் அதைத்தான் யோசித்தாள். ராணி வந்தும் என்ன செய்ய? புது ராணி கடைசி வரிசையில் நிற்கும்போதே எதிராளி எச்2-இல் இறங்கிவிடுவாள். அதனால்தான் கை நீட்டினாள்.

சரி, இந்த இடத்திலாவது நான் செய்தது சரிதான் என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தாளை மடிக்கப் போனாள்.

அப்போது அம்மா பலகைக்குப் பக்கத்தில் டீ டம்ளரை வைக்க, வெட்டுப்பட்டு வெளியே கிடந்த வெள்ளைக் குதிரை உருண்டு ரஜாயின் மேல் விழுந்தது. அவள் அதை எடுத்துக் கையில் வைத்தபடி பலகையைப் பார்த்தாள்.

சிப்பாய் ராணியாகத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. யானையாகலாம். மந்திரியாகலாம். குதிரையும் ஆகலாம். யாரும் அப்படி ஆக்குவதில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றிலும் பெரியது கிடைக்கும்போது சின்னதை யார் கேட்பார்கள்?

ஜி8 கட்டத்தில், சிப்பாய் போய் நின்றிருக்க வேண்டிய இடத்தில், அந்தக் குதிரையை வைத்தாள்.

குதிரை, ஈ7-இல் நின்ற கறுப்பு ராஜாவுக்கு ‘செக்’ வைத்தது. ராஜா ஓடியே ஆக வேண்டும். அவர் ஓடிய அடுத்த நொடி, அதே குதிரை தாவி எச்6-இல் நின்ற கறுப்பு ராணியை எடுத்துவிடும். அதற்குப் பிறகு எதிராளியிடம் ஒன்றுமே இல்லை.

கவிப்ரியா மூன்று முறை சரிபார்த்தாள். மூன்று முறையும் குதிரை அதையேதான் செய்தது.

அவள் தோற்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் கை நீட்டியிருக்கிறாள்.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட பெண் கவிப்ரியாவின் கையைப் பிடித்தபோது, அந்தக் குளிரிலும் அந்தப் பெண்ணின் கை வியர்த்து நனைந்திருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குதிரையைப் பார்த்துவிட்டு, கவிப்ரியா பார்த்துவிடக் கூடாதே என்று நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. கவிப்ரியா பலகையை மூடிவிட்டு ரஜாய்க்குள் தலையை இழுத்துக்கொண்டாள். அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. காய்ச்சலாக இருந்திருக்கலாம் என்று கவிப்ரியாவுக்குத் தோன்றியது. அதற்கு மாத்திரை உண்டு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நோட்டில் எழுதக் கடைசி நாள்.

மதிய இடைவேளையில் நூலக மூலையில் தனியாக உட்கார்ந்தாள். நாற்பத்தோராம் பக்கம். எல்லா நகர்த்தல்களையும் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள். பதினேழாவதற்குச் சிவப்பு வட்டம் போட்டாள். இருபத்தைந்தாவதற்கும் போட்டாள். முப்பத்தொன்றாவது வந்தபோது பேனா நின்றது.

அந்த நகர்த்தலில்தான் கறுப்பு ராஜா ஈ7-க்கு வந்தார். அதை எழுதினால் அர்விந்த் படிப்பான். அவன் கெட்டிக்காரன். கடைசியில் நின்ற காய்களைப் பார்த்ததும் குதிரையைக் கண்டுபிடித்துவிடுவான். தன் கடைசிப் போட்டியை கையில் இருந்த வெற்றியோடு சேர்த்து இவள் தூக்கிக் கொடுத்தாள் என்று தெரிந்துகொள்வான்.

ராஜா மட்டும் ஒரு கட்டம் தள்ளி நின்றிருந்தால்? டி7-இல் நின்றிருந்தால் குதிரை செக் ஆகாது. அப்போது அவள் கை நீட்டியது நியாயம்தான்.

கவிப்ரியா ‘டி7’ என்று எழுதினாள்.

எழுதிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. மீதியை வேகமாக எழுதி முடித்தாள். ‘எங்கே விட்டேன்?’ என்ற கேள்விக்கு, ‘17, 25. கடைசியில் வழி இல்லை’ என்று எழுதி நோட்டை மூடினாள். எறும்பு ஒன்றும் கடிக்கவில்லை.

அர்விந்த் அந்தப் பக்கத்தைத் திறந்தான், கடைசி வரியை மட்டும் பார்த்தான், “பரவாயில்ல, விடு” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் ‘பரவாயில்ல’ சனி, ஞாயிறு முழுக்க அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

இப்போது அபூர்வாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அபூர்வா ஐந்தாம் வகுப்பு. குழுவிலேயே சின்னவள். டெல்லியில் பிறந்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மந்திரியை ‘ஒட்டகம்’ என்பாள். அவள் வீட்டுக்குக் கீழே இருக்கும் இந்தி பேசும் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்களாம். நவம்பரில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவளுடைய சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. எல்லாரும் ராணி, ராணி என்று கத்தினார்கள். அவள் யோசித்துவிட்டு ஒரு குதிரையை எடுத்து வைத்தாள். “ராணிதான் ஆல்ரெடி இருக்காளே. குதிரைதான் பாவம், செத்துப்போச்சு” என்றாள். அர்விந்த் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தான். கவிப்ரியாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தோல்வி நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து ஆடிப் பார்ப்பவள் அபூர்வா ஒருத்திதான். தமிழ் வராவிட்டால் என்ன? கட்டத்தின் பெயர் எல்லாருக்கும் ஒன்றுதானே. தினமும் டிபனை அவசரமாக முடித்துவிட்டு, பலகையை விரித்து, ஒரு பக்கத்தை எடுத்து வைத்து ஆடுவாள். அடுத்த மாதம் பதினொரு வயதுக்கு உட்பட்டோர் போட்டி. அதில் முதன்முறையாக அவள் பெயரும் இருந்தது. பட்டியல் ஜோதிலிங்கம் சாரிடம் இருந்தது. அவர் உடற்பயிற்சி ஆசிரியர். சதுரங்கத்தில் யானை நேராகப் போகுமா குறுக்காகப் போகுமா என்று அவருக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் பட்டியல் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

புதன்கிழமை மத்தியானம் கவிப்ரியா வருகைப் பதிவேட்டைக் கொடுக்க அவர் அறைக்குப் போனாள். மேஜையில் அந்தப் பட்டியல் இருந்தது. அதில் அபூர்வாவின் பெயருக்குக் குறுக்கே அடிக்கோலால் அளந்து போட்ட மாதிரி ஒரு கோடு.

“அவளே வந்து எடுத்துடச் சொல்லிட்டா” என்றார் சார். “எழுதி வெச்சதைப் பாத்துக்கூட ஆடத் தெரியல, எனக்கு மூளை பத்தாது சார்னு ஒரே அழுகை. நானும் சொல்லிப் பாத்தேன். மூணரைக்கு லிஸ்ட்டை அனுப்பணும்.”

எதைப் பார்த்து ஆடத் தெரியவில்லை என்று கவிப்ரியா கேட்கவில்லை. கால்கள் அவளை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போயின. நோட்டை எடுத்தாள். நாற்பத்தோராம் பக்கம்.

முப்பத்திரண்டாவது நகர்த்தலுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று. ஒவ்வொரு முறை முதலிலிருந்து ஆடிப் பார்த்தபோதும் ஒரு கோடு. கடைசிக் கோட்டுக்குக் கீழே, கோணல் எழுத்தில்: ‘எனக்கு வரல.’

கவிப்ரியா பலகையை எடுத்து நோட்டில் உள்ளபடி வைத்துப் பார்த்தாள். முப்பத்திரண்டாவது நகர்த்தலில் கறுப்பு ராணி மூலைவாட்டில் ஓடி ஈ6-க்கு வர வேண்டும். வர முடியவில்லை. பாதை நடுவில், டி7-இல், கறுப்பு ராஜாவே குந்திக்கொண்டிருந்தார். ராணி யாரையும் தாண்டிக் குதிக்க முடியாது.

ராஜாவை டி7-க்குத் தள்ளியபோது கடைசியில் சரியாக வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தாள். நடுவில் யாருடைய வழியை மறிக்கிறார் என்று பார்க்கவே இல்லை.

அபூர்வா மூன்று நாளாக அந்த ராணியை நகர்த்தப் பார்த்திருக்கிறாள். நோட்டில் தப்பு இருக்கும் என்று ஒரு முறைகூட அவளுக்குத் தோன்றவில்லை. கவி அக்கா எழுதியது எப்படித் தப்பாகும்? தப்பு தன்னிடம்தான்.

கவிப்ரியா அலமாரியில் சாய்ந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை தோற்றதுதான் உலகத்திலேயே மோசமான விஷயம் என்று நினைத்திருந்தாள். அதற்கும் கீழே ஒரு மாடி இருந்திருக்கிறது.

‘டி’யை அழித்து ‘ஈ’ என்று மாற்றிவிடலாமா? மாற்றலாம். ஆனால் பட்டியலில் கோடு போட்டாகிவிட்டதே. மணி மூன்று. பள்ளி விடும் மணி அடித்தது. காய்களைப் பையில் போட்டு, துணிப் பலகையைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

வாசலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெயில் விழுந்த பெஞ்சில் அபூர்வா உட்கார்ந்திருந்தாள். குரங்குக் குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள். அவளுடைய வேன் இன்னும் கிளம்பவில்லை.

கவிப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து பலகையை விரித்தாள். மூச்சு வாங்கியது. “அபூ, நாப்பத்தொண்ணாம் பக்கத்துல எங்க நின்னுச்சு?”

அபூர்வா பலகையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். “முப்பத்திரண்டுல. ராணி போகவே மாட்டேங்குது அக்கா. ராஜா நடுவுல உக்காந்திருக்கார். நான்தான் எங்கயோ தப்பு பண்றேன். விடுங்க, நான் இனிமே ஆடல.”

“நீ தப்பு பண்ணல. ராணி அங்க போகாது. நோட்டுதான் தப்பு.”

குல்லாய்க்குள் இருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. “அச்சா? கை தவறி எழுதிட்டீங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அபூர்வாவே கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். கை தவறியது என்றால் எல்லாம் சரியாகிவிடும். அர்விந்துக்கும் தெரிய வேண்டாம். கவிப்ரியாவின் வாய் வரைக்கும் அந்த ‘ஆமாம்’ வந்தது.

பதினொரு கோடுகள்.

“இல்ல” என்றாள். “வேணும்னுதான் எழுதினேன். ராஜா டி7-க்கு வரல, ஈ7-க்குதான் வந்தார். உண்மைய எழுதினா எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயந்து மாத்திட்டேன்.”

அபூர்வா குல்லாயைக் கழற்றினாள். தலைமுடி நாலாபக்கமும் நட்டுக்கொண்டு நின்றது. “நான் பதினொரு தடவ ஆடினேன்” என்றாள், மெதுவாக. “ராத்திரி வீட்லயும் அதயே நெனச்சிட்டிருந்தேன்.”

கவிப்ரியா கணிதப் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்திருந்த போட்டித் தாளை எடுத்து அவளிடம் நீட்டினாள். “இதுதான் நிஜம். நீயே பாரு.”

தூரத்தில் வேன் ஓட்டுநர், “சலோ பேட்டா, ஜல்தி!” என்று கூப்பிட்டார். “ஏக் மினிட், பாய்சாப்” என்று அபூர்வா கத்தினாள். பிறகு தாளைப் பார்த்து, காய்களைக் கடைசியில் நின்றபடி அடுக்கத் தொடங்கினாள். கோபமாகத்தான் இருந்தாள். ஒவ்வொரு காயையும் தொப்பென்று வைத்தாள். ஈ7-இல் கறுப்பு ராஜா. எச்6-இல் கறுப்பு ராணி. கடைசி வரிசைக்கு ஓர் அடி முன்னால் வெள்ளைச் சிப்பாய்.

“இங்கதான் கை குடுத்தீங்களா?”

“ஆமா.”

“உங்க டர்ன்தானே?”

“ஆமா.”

அபூர்வா கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். “சிப்பாய் கடைசி வரிசைக்குப் போயிடுமே. போனா நான் குதிரைதான் கேப்பேன்” என்றாள், பழக்கதோஷத்தில். சொன்ன கையோடு குதிரையை எடுத்து ஜி8-இல் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

“அக்கா.”

கவிப்ரியா பலகைக்கு இன்னும் கிட்டே நகர்ந்தாள்.

“அக்கா, ராஜாவுக்கு செக். அப்புறம்...” அபூர்வாவின் விரல் குதிரையிலிருந்து கறுப்பு ராணிக்குத் தாவியது. “ராணியும் போச்சு. மத்லப்... அப்படின்னா, நீங்க ஜெயிச்சிருக்கீங்க.”

“ஜெயிச்சிருக்கணும்” என்றாள் கவிப்ரியா. “இத கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆச்சு. உனக்கு அரை நிமிஷம்கூட ஆகல.”

அபூர்வா குதிரையைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று முகம் கொஞ்ச நேரம் யோசித்தது. “அப்போ எனக்கு மூளை இருக்கா?”

“இருக்கு. வா, சார் லிஸ்ட்ட அனுப்பறதுக்குள்ள போகணும்.”

வேன் ஓட்டுநர் பொறுமையை இழந்து ஹாரனை அழுத்தினார். அவருக்கு இன்னொரு ‘ஏக் மினிட்’ கிடைத்தது. இரண்டு பேரும் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து ஓடினார்கள்.

ஜோதிலிங்கம் சார் கணினியில் பட்டியலை ஏற்றப் போகும் நேரம். அடித்த பெயரை மறுபடி எழுதினால் பட்டியல் அசிங்கமாகிவிடும் என்று ரொம்பக் கவலைப்பட்டார். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, எல்லாப் பெயர்களையும் முதலிலிருந்து அழகாக எழுதினார். கடைசியில் அபூர்வாவின் பெயரை எழுதி, அதன் கீழே மட்டும் இன்னொரு கோடு போட்டார். இந்த முறை அடிக்கோடு.

வியாழக்கிழமை மதியம், எல்லாரும் டிபன் டப்பாவோடு நூலக மூலைக்கு வருவதற்கு முன்பே கவிப்ரியா போய்விட்டாள். நோட்டைத் திறந்தாள். ‘டி7’ என்பதை அழிக்கவில்லை. சிவப்புப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் ‘ஈ7’ என்று எழுதினாள். ‘கடைசியில் வழி இல்லை’ என்பதையும் அடித்தாள். அதன் கீழே எழுதினாள்:

‘34-இல் விட்டேன். சிப்பாயைக் குதிரையாக்கினால் ஜெயம். பார்க்காமல் கை கொடுத்துவிட்டேன். பிறகு வெட்கப்பட்டு 31-ஐ மாற்றி எழுதினேன். குதிரையைக் கண்டுபிடித்தவள்: அபூர்வா, ஐந்தாம் வகுப்பு.’

அர்விந்த் வந்ததும் நோட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் படித்தான். பலகையில் காய்களை வைத்தான். குதிரையை வைத்தான். பிறகு நெற்றியை மேஜையில் இடித்துக்கொண்டான். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. மேஜையில் இருந்த காய்களெல்லாம் குதித்தன.

“ஏட்டி” என்றான், மேஜையில் கவிழ்ந்தபடியே. “ஒரு குதிரைய கேட்டிருக்கக் கூடாதா?”

“தோணல.”

“எனக்கும்தான் தோணல. உன் பின்னாடிதான நின்னுட்டு இருந்தேன்.” தலையைத் தூக்கினான். நெற்றி சிவந்திருந்தது. கண்ணும்தான். “நவம்பர்ல அவ குதிரை வெச்சப்ப நாம என்ன சிரிப்பு சிரிச்சோம்.”

அதற்குப் பிறகு அவன் அந்தப் போட்டியைப் பற்றிப் பேசவில்லை. போன கோப்பை போனதுதான். மார்ச் மாதம் மாற்றலும் வரத்தான் போகிறது. ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது, “நாளைக்கு ஒரு ஆட்டம் போடுவமா?” என்று கவிப்ரியாவிடம் கேட்டான். அவள் சரி என்றாள். பத்து நாளில் முதன்முறையாக அன்றைக்கு அம்மா கூப்பிடுவதற்கு முன்பே சாப்பிட உட்கார்ந்தாள்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தது யார், சமோசா வாங்கியது யார் என்ற சண்டை தனிக் கதை. ஏனென்றால், பழைய ஆட்டத்தில் கடைசியாக ஜெயித்தது நான்தானே, சமோசாவை நான்தான் வாங்குவேன் என்று அபூர்வா நடுவில் வந்து நின்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கவிப்ரியா நோட்டை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தாள். ஓரத்தில் ‘எனக்கு வரல’ என்பதை யாரோ ரப்பரால் அழித்திருந்தார்கள். பதினொரு கோடுகளும் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றுக்கு மேலே ஒரு தலை, கீழே நான்கு கால்கள், பின்னால் ஒரு வால் முளைத்திருந்தன. குதிரையாம். கழுதை மாதிரிதான் இருந்தது.

கவிப்ரியா சிவப்புப் பென்சிலை எடுத்து, அதற்கு ஒரு சேணம் வரைந்தாள்.